மச்சான் கொண்டு வந்த பஞ்சுக்கல்

என் மாமியார் என்னைத் திட்டும்போதும் மரியாதை குறைய மாட்டார். “நீங்க வாய மூடிட்டு இருந்தீங்கன்னாவே எனக்குப் பாதி நோவு போயிருமுங்க மாப்ள” என்பார். எங்கள் பக்கத்தில் செருப்பைக் கழற்றி அடித்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் அடிப்பார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்டால் குடும்பமே கொஞ்சிக்கொள்கிறது என்று நினைப்பார்கள்.

அவருக்கு இரண்டு முழங்காலிலும் நோவு. உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. என்னைத் திட்டுவதற்கு மட்டும் முழங்கால் தேவைப்படவில்லை. மகன் வீடு மாடியில் இருக்கிறது. அம்மாவால் படியேற முடியாது என்று சொல்லி மகன் அவரை என் வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனார். அந்தக் கோபம் படியின் மேல் வந்திருக்கலாம், மகன் மேல் வந்திருக்கலாம். வந்தது என் மேல்.

அந்த மகன்தான் என் மச்சான். முதலிபாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் இன்சார்ஜ். அதே கம்பெனியில் நான் அயர்ன் மாஸ்டர். மாஸ்டர் என்றதும் வாத்தியார் என்று எண்ணிவிட வேண்டாம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை என்னிடமிருந்து காப்பாற்றிவிட்டு வெளியே வந்தவன் நான். நாள் முழுக்க நீராவி இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு டீ சர்ட்டின் சுருக்கம் எடுப்பேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எஸ், எம், எல், எக்ஸெல். டபுள் எக்ஸெல்லோடு அந்த மொழி முடிந்துவிடும். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் மச்சான். அதை நான் மறந்துவிடக்கூடாது என்று டீ டைமுக்கு டீ டைம் சொல்லிக் காட்டுவார்.

என்னிடம் இன்னொரு சீக்கும் உண்டு. வாயைத் திறந்தால் நக்கல்தான் வரும். ஒருமுறை மாமியாரிடம், கரண்ட் மீட்டருக்கு வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டினால் மெதுவாக ஓடும் என்று சொல்லி வைத்தேன். காட்டினார். எங்கள் லைன் வீட்டில் எல்லாரும் காட்டினார்கள். உண்மை தெரிந்த பிறகு அந்த லைனில் நான் “மழை வருதுங்க” என்றாலும் ஒருத்தரும் கொடியில் காயும் துணியை எடுக்க மாட்டார்கள். நனைந்த பிறகு அதற்கும் என்னையே திட்டுவார்கள்.

இப்படியிருக்கும்போதுதான் அந்தக் கல் வந்தது.

சரக்கு கப்பலேறும் முன்னால் சோதித்துப் பார்க்க ஒரு வெள்ளைக்காரர் வருவார். வயசானவர். காலர், கை, ஓரம் எல்லாம் டேப் வைத்து அளப்பார். அவருக்குக் கல் பைத்தியம். லீவு நாளில் காங்கேயம் பக்கம் போய்க் கலர் கல்லாக வாங்கி வருவார். இந்தத் தடவை சரக்கு பாஸ் ஆன சந்தோஷத்தில் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மச்சான் கையில் கொடுத்தார். நான் பக்கத்து மேஜையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். காதுக்கு அங்கே வேலை இல்லையாகையால் அது மச்சான் மேஜையில் இருந்தது.

வெள்ளைக்காரர் பேசுவதைத் தமிழில் சொல்பவர், ஆர்டர் விஷயங்களைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் மெர்ச்சண்டைசர் மேடம். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். கெமிஸ்ட்ரி படித்தவர். வயசில் மச்சானில் பாதி, பதவியில் மச்சானுக்கு மேலே. இந்த ஒன்றே மச்சானுக்கு நெஞ்செரிச்சல் தருவதற்குப் போதும்.

“அண்ணே, டப்பாவத் தொறந்துறாதீங்க. இது அவரு ஊருல பழைய சொரங்கத்துச் செவுத்துல தானா பூக்குமாம். ரொம்ப அபூர்வம். நீங்க பஞ்சுத் தொழில்ல இருக்கீங்கல்லா, பாக்கதுக்குப் பஞ்சு மாரி இருக்கேன்னு கொண்டாந்திருக்காரு.”

எட்டிப் பார்த்தேன். நிட்டிங் மிஷினுக்கு அடியில் சேருமே, அந்தப் பஞ்சுத் தூசியை உருட்டிக் கல்லின் மேல் ஒட்டி வைத்த மாதிரி இருந்தது. வெள்ளை வெளேரென்று ஊசி ஊசியாக மயிர் விட்டு, பட்டு மாதிரி மினுங்கியது.

“பேரு என்னங்க?” என்றார் மச்சான்.

“ஃபார்மகோலைட்டு. மருந்துன்னு அர்த்தம் வாற ஒரு பழைய வார்த்தையிலேருந்து வெச்ச பேரு. அதே வார்த்தைக்கு வெசம்னும் அர்த்தம் உண்டு. இதுக்குள்ள கால்சியம் இருக்கு, தண்ணி இருக்கு, ஆர்சனிக்கு இருக்கு. ஆர்சனிக்குன்னா பாசாணம், பாத்துக்கிடுங்க.”

“கல்லுக்குள்ள தண்ணிங்களா மேடம்?” இது நான். கேட்காவிட்டால் தலை வெடித்துவிடும்.

“ஆமாண்ணே. கல்லோட கல்லாச் சேந்த தண்ணி. காஞ்சு அதுல பாதி போச்சுன்னா இது வேற கல்லாயிரும், பேரும் மாறிரும். இதே கால்சியம், இதே ஆர்சனிக்கு, தண்ணி மட்டும் கூடக்கொறைய இருக்க கல்லு நெறைய உண்டு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு.”

இது எனக்கு உடனே விளங்கியது. நூல் ஒன்றுதான். மிஷினில் ஓட்டுகிற விதத்தைப் பொறுத்துத் துணிக்கு சிங்கிள் ஜெர்சி, ரிப், இன்டர்லாக் என்று தனித்தனிப் பெயர். ஆக, கல்லிலும் பனியன் கம்பெனி நடக்கிறது.

வெள்ளைக்காரருக்குக் கேட்க ஆள் கிடைத்த குஷி. விரலை மடக்கி மடக்கிச் சொன்னார், மேடமும் சொல்லிக்கொண்டே வந்தார். நகத்தால் கீறினாலே கோடு விழும், அவ்வளவு மெதுவு. தண்ணீரில் சட்டென்று கரையாது. அமிலத்தில் கரையும். சூடு பண்ணினால் பூண்டு வாசம் வரும், அதை மோந்து பார்த்தால் ஆபத்து. கட்டமைப்பில் ஜிப்சத்துக்குப் பங்காளி. கற்களைப் பிரித்து வைக்கும்போது ஆர்சனிக் கல்லையும் பாஸ்பரஸ் கல்லையும் ஒரே வகுப்பில் வைப்பார்களாம். இரண்டும் ஒரே இடத்தில் மாறி மாறி உட்காரக்கூடியவை.

“இந்தக் கல்லுல ஆர்சனிக்கு இருக்க எடத்துல பாஸ்பரஸ் இருந்துச்சுன்னா, அது நம்ம பல்லு, எலும்புல இருக்கதுக்குச் சொந்தக்காரக் கல்லு. எடம் ஒண்ணு, ஆளுதான் வேற. அதான் ஒடம்பும் ஏமாந்துரும்” என்று முடித்தார் மேடம்.

பஸ்ஸில் ஒரு சீட்டு. அதில் மாப்பிள்ளை உட்கார்ந்தாலும் திருடன் உட்கார்ந்தாலும் பஸ்ஸுக்குத் தெரியாது. நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். மச்சான் வேறு மாதிரி புரிந்துகொண்டார். அவர் காதில் விழுந்தவை மூன்றே வார்த்தைகள்: மருந்து, கால்சியம், எலும்பு.

டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னார். “பாத்தீங்களா மாப்ள, எச்சான, ஒசத்திச் சாமானம். அம்மாவோட மொழங்காலுக்கு இதுதான் தோது.”

சிரித்துவிட்டேன். அவர் நக்கல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். நான் நினைத்தது தப்பு. எங்கள் இரண்டு பேரில் நக்கல் பண்ணுகிறவன் நான் ஒருத்தன்தான்.

“மச்சான், அது வெசமுங்க. மேடம் சொன்னாங்கள்ல.”

“நேத்து வந்த புள்ள. அவளுக்கு இந்தக் கல்லு மேல கண்ணு. எனக்குக் குடுத்துட்டாரேன்னு வயித்தெரிச்சல். அதான் தொறக்காதே, தொடாதேங்கறா. கால்சியம் எதுக்குங்க? காலுக்குத்தானுங்க கால்சியம்! டாக்டரே எழுதிக் குடுக்கறாரு.”

டப்பாவின் மேல் ஒட்டியிருந்த லேபிளை என் மூக்குக்கு நேரே நீட்டினார். “படிக்கத் தெரியாட்டி எழுத்தப் பாருங். மெடிக்கல் கடை போர்டுல ஃபார்மசின்னு இதே எழுத்துத்தான போட்டிருக்குது?”

பார்த்தேன். முதல் பாதி அப்படியே மெடிக்கல் கடை போர்டுதான். எஸ், எம், எல் தெரிந்தவன் அதற்கு மேல் என்ன வாதாடுவது?

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து மாமியாரிடமும் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை வெறும் வயிற்றில், தேனில் குழைத்துக் கொடுக்கிறேன் என்றார். மாமியாருக்கு முகமெல்லாம் பல். கம்பெனி முழுக்க ஆளிருக்க, வெள்ளைக்காரன் தேடி வந்து தன் மகனுக்குக் கொடுத்த மருந்து!

மச்சான் போன பிறகு நான் மாமியார் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

“அத்த, அதத் திங்காதீங்க. அதுல பாஷாணம் இருக்குது.”

“சித்த வைத்தியத்துல பாஷாணம் போடறதில்லீங்களா மாப்ள?”

“அது வெசத்த முறிச்சு, சுத்தி பண்ணிப் போடறதுங்க. இது சொரங்கத்துச் செவுத்துல பூத்தது. சூடு பண்ணுனா பூண்டு நாத்தம் வருமாம்.”

“பூண்டு வாய்வுக்கு நல்லதுதானுங்க.”

“ஜிப்சத்துக்குப் பங்காளியாமுங்க.”

“ஜிப்சம்னா என்னங்க?”

“கை கால் ஒடிஞ்சா மாவுக்கட்டு போடறாங்கள்ல, அது.” சொல்லி முடிக்கும் முன்பே என் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“பாத்தீங்களா? எலும்பு கூடறதுக்குப் போடறதுதான!”

அந்தக் கல்லைப் பற்றி எதைச் சொன்னாலும் அது மருந்தாகவே மாறியது. நகத்தால் சுரண்டினாலே உதிரும் என்றேன். அரைக்கிற வேலை மிச்சம் என்றார். உள்ளே தண்ணீர் இருக்கிறது என்றேன். உடம்புக்குக் குளிர்ச்சி என்றார். எலும்பில் இருப்பதற்குச் சொந்தக்காரக் கல், ஆனால் சீட்டில் ஆள் மாறி உட்கார்ந்திருக்கிறது என்று பஸ் கதையைச் சொன்னேன்.

“நீங்க எனக்கு மாப்பிள்ளையா வந்து உக்காந்த மாதிரிங்களா?” என்றார்.

என் வாழ்நாளில் என்னைவிட நல்ல நக்கல் கேட்டது அன்றுதான்.

என் வீட்டுக்காரி உள்ளே இருந்து வந்தாள். “எங்கண்ணன் ஆசையா ஒண்ணு கொண்டாந்தா உங்களுக்கு ஏனுங்க இப்பிடிப் பத்திக்குது? நீங்க இதுவரைக்கும் எங்கம்மாளுக்கு ஒரு தைலம் வாங்கியாந்திருப்பீங்களா?”

வாங்கி வந்ததில்லை. ஆனாலும் விஷம் வாங்கி வந்ததில்லை அல்லவா? இதைச் சொன்னேன். சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாமியார் மேல் எனக்குப் பாசம் கிடையாது. ஆனால் அந்தப் பொடி உள்ளே போய் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் மகனை யாரும் கேட்க மாட்டார்கள். “மாப்பிள்ளைக்கும் அந்தம்மாவுக்கும் ஆகாதுங்க” என்று லைன் வீடே சாட்சி சொல்லும். அது போக, எவ்வளவு ஆகாதவராக இருந்தாலும், என் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிற ஆள் என் கண் முன்னால் விஷம் தின்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேடத்துக்குப் போன் போட்டேன். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. பிறகுதான் புத்தியில் உறைத்தது. ஞாயிறு காலையில் மேடம் சர்ச்சில் இருப்பார். போன் பைக்குள் வாய் மூடிக் கிடக்கும்.

மச்சான் குளித்து, திருநீறு பூசி, தேன் பாட்டிலோடு வந்தார். கூடவே ஒரு வெற்றிலை. மாமியாரைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்தார். டப்பாவின் மூடி இறுகியிருந்ததால் ஸ்பூன் காம்பை விட்டு நெம்பினார். மூடி திறந்தது.

“மச்சான், வேண்டாமுங்க.”

“நீங்க அக்கட்டால போங்.”

நான் பாய்ந்து பிடுங்கப் பார்த்தேன். எனக்கு ஸ்மால் உடம்பு, மச்சானுக்கு டபுள் எக்ஸெல். ஒரு கையால் என்னைத் தள்ளினார். பீரோவில் மோதி நின்றேன். என் வீட்டுக்காரி ஓடி வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் சட்டையைப் பிடித்திருக்க வேண்டியவள்!

மச்சான் ஒரு பேப்பரை விரித்து அதன் மேல் கல்லை ஸ்பூனால் சுரண்டினார். மேடம் சொன்ன மாதிரியே மெத்தென்று உதிர்ந்தது. பார்க்கப் பவுடர் மாதிரி அத்தனை சாதுவாக இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கே ஒரு கணம், நாம்தான் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று தோன்றியது.

பொடியை வெற்றிலைக்கு மாற்றுவதற்குள் நான் காலை நீட்டித் தேன் பாட்டிலைத் தட்டிவிட்டேன். பாட்டில் உருண்டு சுவரில் இடித்து உடைந்தது.

இப்போது மச்சான் எழுந்து வந்து என் கன்னத்தில் ஒன்று விட்டார். “மரியாதையா இருந்துக்குங்க மாப்ள” என்றார். அடி விழுந்தது, ‘ங்க’வும் விழுந்தது.

“அடிக்கட்டும் உடுங்க,” என்றார் மாமியார் பொதுவாக. “நாட்டுச்சக்கரை இருக்குதா பாரு புள்ள.”

வீட்டுக்காரி சர்க்கரை டப்பாவை எடுக்கப் போனாள். நான் கன்னத்தைத் தடவிக்கொண்டு மாமியார் காலடியில் போய் உட்கார்ந்தேன். நக்கல் எதுவும் வரவில்லை. “அத்த, மேடம் போன் பண்ணுற முட்டும் பொறுங்க. அப்பறம் தின்னுங்க. நானே ஊட்டி உடறேன்” என்றேன்.

“நீங்க ஊட்டுனா நான் திங்க மாட்டனுங்க” என்றார். “எனக்கு நல்லது நடந்தா உங்களுக்கு எப்பப் பொறுத்திருக்குது?”

அந்த நேரத்தில் என் போன் அடித்தது. மேடம்தான். ஸ்பீக்கரைப் போட்டேன்.

“என்னண்ணே, இத்தன தடவ கூப்பிட்டிருக்கீங்க? மாதா கோயில்ல இருந்தேன்.”

“மேடம், அந்தக் கல்லச் சொரண்டி எங்க மாமியாருக்குக் குடுக்கறாங்க. சொல்லுங் மேடம்.”

“எய்யா! வேண்டாம்ணே! அது வெசம்!”

“கேட்டீங்களாம்மா?” என்று மச்சான் மாமியார் பக்கம் திரும்பினார். “ஒட்டுக்காப் பேசி வெச்சிருக்காங்க. கல்லத் திருப்பி வாங்கறதுக்கு ஏற்பாடு. அன்னைக்கு மருந்துன்னு சொன்னவளும் இவதான். கேளுங், மருந்துன்னு சொன்னீங்களா இல்லீங்களா மேடம்?”

“சொன்னேம்ணே, பேருக்கு அர்த்தம் அதுதான். ஆனா...”

“ஆனா என்னங்க ஆனா? மருந்துதான!”

மாமியார் கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். வாய்க்கு மிக அருகில் வைத்துக்கொண்டு, கேட்டார்:

“ஏனுங் கண்ணு, அது குடிக்கற மருந்துங்களா, அடிக்கற மருந்துங்களா?”

நான் அந்தக் கல்லை எத்தனையோ விதமாகப் பிரித்துப் பார்த்திருந்தேன். வெள்ளைக்காரர் விரல் விரலாக மடக்கிப் பிரித்திருந்தார். இந்தப் பிரிவு ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் மெடிக்கல் கடையில் விற்பதும் மருந்து, உரக்கடையில் விற்பதும் மருந்து. முன்னது குடிக்கிறது, பின்னது செடிக்கு அடிக்கிறது. மாமியார் வயசுக் காலத்தில் வெள்ளகோவில் பக்கம் பருத்திக் காட்டில் கூலிக்குப் போனவர்.

மேடம் அந்தக் கேள்வியைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். “அடிக்கிற மருந்துதாம்மா. முன்ன வெளிநாட்டுல பருத்தியில காய்ப்புழு, வண்டு விழுந்தா ஒரு மருந்து அடிப்பாவல்லா, அதுலயும் இதே கால்சியம், இதே ஆர்சனிக்குதான். அது ஃபேக்டரில செஞ்சது, இது சொரங்கத்துல வெளஞ்சது. அம்புட்டுதான் வித்தியாசம்.”

“பருத்திக்கு அடிக்கறதுங்களா?”

“ஆமாம்மா.”

மாமியார் போனை என் மடியில் போட்டார். முழங்கால் நோவுக்காரர், ஒருத்தர் கையும் பிடிக்காமல் கட்டிலிலிருந்து எழுந்துவிட்டார்.

“எந்திரிடா” என்றார் மகனைப் பார்த்து. ‘ங்க’ எல்லாம் எங்கேயோ போய்விட்டது. “காத்தடிக்கற பக்கம் நிக்காத. அந்தப் பேப்பர ஊதிக்கீது உட்டுறாத. மருந்து தொட்ட கைய மூஞ்சிக்குக் கொண்டு போகாத. போயிச் சோப்புப் போட்டுக் கழுவு.”

“அம்மா, அவ பொய்...”

“காய்ப்புழுன்னு சொன்னாளே, காட்டப் பாக்காதவ அதச் சொல்லுவாளாடா? அந்தக் காட்டுல மருந்தடிச்சா மூஞ்சிக்குத் துணி கட்டிக்கிட்டு ஓடுனவ நானு. எனக்கே வெத்தலையில வெச்சுக் குடுக்கறயா?”

மச்சான் கழுவப் போனார். டபுள் எக்ஸெல் உடம்பு மீடியமாகச் சுருங்கிவிட்டது. மேடம் போனிலேயே சொல்லச் சொல்ல, பேப்பர், வெற்றிலை, ஸ்பூன் எல்லாவற்றையும் கவரில் போட்டுக் கட்டினேன். ஈரத் துணியால் தரையைத் துடைத்து அதையும் கட்டினேன். கல்லை டப்பாவில் அடைத்து, மூடியைச் சுற்றி பேக்கிங் டேப் ஒட்டினேன். திங்கட்கிழமை அத்தனையும் மேடம் கையில் போய்ச் சேர்ந்தது.

எல்லாம் முடிந்து கை கழுவி வந்து நிமிர்ந்தால், மாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றி வரப்போகிறது என்று நினைத்து முகத்தைத் தயார் பண்ணினேன்.

“ஏனுங் மாப்ள, பூண்டுன்னீங்க, ஜிப்சம்னீங்க, பஸ்சுன்னீங்க. பருத்திக்கு அடிக்கறதுன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு உங்களுக்கு வாய் நோவுங்களா?”

“எனக்குத் தெரியாதுங்க அத்த.”

“தெரியாதவரு எதுக்குங்க அத்தன பேசுனீங்க? நீங்க பேசுனதுலதான் எனக்கு நம்பிக்கையே வந்துச்சு.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தக் கல்லுக்கு என்னைப் போல விளம்பரம் பண்ணியவர் வேறு யாரும் இல்லை.

மச்சான் அதன் பிறகு என்னோடு பேசுவதில்லை. இஸ்திரி சரியில்லை என்று பீஸைத் திருப்பி எறிவதோடு சரி. வீட்டுக்காரிக்கு உடைந்த தேன் பாட்டில்தான் பெரிதாகப் போய்விட்டது. அண்ணன் விஷம் கொடுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மேடம் மட்டும் எதிரில் பார்த்தால், “மாமியார் நல்லாருக்காங்களாண்ணே?” என்று கேட்பார். அவருக்கென்ன, நன்றாக இருக்கிறார், நான்தான் நன்றாக இல்லை என்பேன்.

காரணம் இருக்கிறது. அன்றிலிருந்து மாமியார் இந்த வீட்டில் எதையும் நான் முதலில் வாய் வைக்காமல் சாப்பிடுவதில்லை. காபி வந்தால் “மாப்ள, ஒரு வாய் குடிங்க” என்பார். குடிப்பேன். நான் உட்கார்ந்திருக்கிறேனா, சாய்கிறேனா என்று சித்த நேரம் பார்த்துவிட்டு மீதியை வாங்கிக்கொள்வார். மகன் வாங்கி வரும் டானிக்கும் அப்படித்தான். மூடியில் ஊற்றி எனக்கு நீட்டுகிறார். குழம்பு, ரசம், கசாயம், எது வந்தாலும் முதல் கரண்டி என்னுடையது. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறேன். ஒரு சுற்றுப் பெருத்தும் விட்டேன். “ஊட்டுல இருக்கறத எல்லாம் மாப்ளயே தின்னுத் தீக்கறாருங்க” என்று இப்போது பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.